குழந்தையின் கண்ணில் தெரிந்த கிளமிடியா: ஒரு நிகழ்வு ஆய்வு

இதை எழுதத் தாயும் தந்தையும் தனித்தனியே ஒப்புதல் தந்திருக்கிறார்கள். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் தமிழ்நாட்டின் மேற்கு மாவட்டம் ஒன்றில், அரசு மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகளைப் பார்க்கும் மருத்துவர். மருந்தைப் பொறுத்தவரை இந்த நிகழ்வில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. பேசிய விதத்தில்தான் தவறு நேர்ந்தது, அதைச் செய்தவள் நான். முதல் நாள் அரைமணி நேரத்தில் நான் செய்ததைச் சரிசெய்ய மூன்று வாரத்துக்கு மேல் ஆனது.

பின்னணி

தாய்க்கு வயது 21, தலைப்பிரசவம். திருமணமாகி 14 மாதம். கணவருக்கு 27 வயது. பின்னலாடைத் தொழிலில் ஷிப்ட் வேலை. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்கு வந்துவிட்டார். கணவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துப் போவார்.

கர்ப்பகாலப் பதிவு, அதற்கு அரசு தரும் பிக்மி எண், தடுப்பூசி, ஸ்கேன் எல்லாம் ஒழுங்காக இருந்தன. எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி மூன்றுக்கும் பரிசோதித்து, மூன்றிலும் தொற்று இல்லை என்று அட்டையில் குறித்திருந்தார்கள். உடலுறவால் பரவி, பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் தொற்றக்கூடிய கிளமிடியா அந்தப் பட்டியலில் இல்லை. அமெரிக்கா போன்ற நாடுகளில் 25 வயதுக்குட்பட்ட கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இதைப் பரிசோதிக்கிறார்கள். நம் நாட்டில் அது வழக்கமான கர்ப்பகாலப் பரிசோதனையில் சேரவில்லை. ஆகவே அட்டை சுத்தமாக இருந்ததாலேயே தொற்று இல்லை என்று ஆகிவிடாது.

எட்டாம் மாதத்தில் வெள்ளைப்படுதல் அதிகமாக இருப்பதாக அந்தப் பெண் செவிலியரிடம் சொல்லியிருக்கிறார். "மாசமா இருக்கறப்ப அப்படித்தான் இருக்கும்" என்று பதில் வந்திருக்கிறது. வெள்ளைப்படுதலுக்கென அரசு மையங்களில் தரும் பச்சை நிற மருந்துப் பையில் இருப்பது போன்ற மருந்துகள் தரப்பட்டன. ஸ்பெகுலம் என்ற கருவியை வைத்துக் கர்ப்பப்பை வாயை யாரும் பார்க்கவில்லை. இந்த விவரம் எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

சுகப்பிரசவம். குழந்தையின் எடை 2.8 கிலோ. பிரசவம் முடிந்த மறுநாள் தாயின் சம்மதத்தோடு காப்பர்-டி வைத்து, மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கண் நோவோடு கடந்த பத்து நாள்

ஏழாம் நாள் குழந்தையின் வலது கண்ணில் நீர் வடிந்தது. ஒன்பதாம் நாள் இரண்டு இமையும் வீங்கிப் பீளை கட்டியது. பாட்டி முதலில் தாய்ப்பாலைப் பீச்சிக் கண்ணில் விட்டார். நம் ஊர்களில் பரவலாக இருக்கும் பழக்கம்தான். கடிந்துகொள்ளும் பேச்சு இந்த இடத்தில் உதவாது என்பதால் "இனி வேண்டாங்க அம்மா" என்று மட்டும் சொன்னோம். பிறகு மருந்துக் கடையில் ஒரு சொட்டு மருந்து. மூன்று நாளில் சற்றுக் குறைந்து மறுபடி பொங்கியது. பன்னிரண்டாம் நாள் ஒரு மருத்துவரைப் பார்த்ததில் வேறொரு சொட்டு மருந்து கிடைத்தது. அப்போதும் அதே கதை.

சொட்டு மருந்து போட்டால் குறைவதும் நிறுத்தினால் திரும்புவதுமே ஒரு தடயம். கிளமிடியா உயிரணுவுக்குள் புகுந்து வாழும் பாக்டீரியா. பிறக்கும்போது அது கண்ணில் மட்டும் படிவதில்லை, மூக்கு, தொண்டையிலும் படியும். சொட்டு மருந்து கண்ணின் மேற்பரப்போடு நின்றுவிடும்.

எங்களிடம் வந்தபோது கண்டவை

பதினேழாம் நாள் பாட்டி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். தாய் பின்னால் நின்றார்.

இரண்டு கண்களிலும் மஞ்சள் பீளை, இமை வீக்கம். கீழ் இமையைத் திருப்பினால் சிவந்து தடித்திருந்தது, தொட்டதும் லேசாக இரத்தம் கசிந்தது. கருவிழி தெளிவாக இருந்தது. காய்ச்சல் இல்லை. மூச்சு நிமிடத்துக்கு 46. பால் நன்றாகக் குடித்தது. எடை 3.1 கிலோ.

பச்சிளங்குழந்தையின் கண்ணில் பீளை கண்டால் அது எந்த நாளில் தொடங்கியது என்று கேட்பது முக்கியம். கொனோரியா என்ற இன்னொரு பால்வினைத் தொற்று என்றால் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து நாளுக்குள் வரும். சீழ் கொட்டும், கருவிழியே துளைபட்டுப் பார்வை போகலாம். அதற்கு ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. கிளமிடியா ஐந்தாம் நாளுக்கு மேல் பதினான்காம் நாளுக்குள் மெதுவாகத் தலைகாட்டும். கண்ணீர்க் குழாய் அடைப்பும் பீளை தரும், ஆனால் இமை இப்படித் தடிக்காது. இந்தக் குழந்தைக்குத் தொடங்கியது ஏழாம் நாள்.

அன்றே பீளையில், பாக்டீரியாவைக் காட்டும் கிராம் சாயத்தை ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தோம். சீழணுக்கள் நிறைய இருந்தன, கொனோரியாவின் இரட்டைக் கோளங்கள் இல்லை. கண் மருத்துவர் பீளையைத் துடைத்துவிட்டு இமையின் உட்புறத்தை மெல்லச் சுரண்டி மாதிரி எடுத்தார். கிளமிடியாவுக்குப் பீளையை மட்டும் அனுப்பினால் போதாது. கிருமி இருப்பது உயிரணுவுக்குள் என்பதால் உயிரணு வேண்டும். சாதாரண கல்ச்சரிலும் அது வளராது. மாதிரியை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறைக்கு மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினோம்.

1907-ல் ஜாவாவில் ஹால்பர்ஸ்டேட்டர், புரோவாசெக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் டிரக்கோமா என்ற கண் நோய் உள்ளவர்களின் கண் உயிரணுக்களுக்குள் துகள்களைக் கண்டார்கள். அவை கிளமிடியாவின் தடயம். அடுத்த சில ஆண்டுகளில் அதே துகள்கள் பச்சிளங்குழந்தைகளின் கண்ணிலும் தாய்மாரின் கர்ப்பப்பை வாயிலும் தந்தையரின் சிறுநீர்க் குழாயிலும் காணப்பட்டன. நூறு ஆண்டுக்கு மேலாகத் தெரிந்த தொடர்பு இது. ஆனாலும் இந்தக் குழந்தை பத்து நாளில் இரண்டு சொட்டு மருந்தைப் பார்த்துவிட்டது, தாயைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

முதல் முடிவு: குழந்தைக்கு வாய்வழி மருந்து

பரிசோதனை முடிவு வர நான்கு நாள் ஆகும். காத்திருக்கலாமா என்று யோசித்தோம். அந்தக் குடும்பம் பேருந்தில் ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து வருகிறது. தொடங்கிய நாளும் கண்ணின் தோற்றமும் சொட்டு மருந்துக்குக் கேட்காததும் ஒன்றையே சுட்டின. அன்றே தொடங்குவது என்று முடிவு செய்தோம்.

எரித்ரோமைசின் என்றால் நாளுக்கு நான்கு வேளை, 14 நாள். அசித்ரோமைசின் என்றால் கிலோவுக்கு 20 மில்லிகிராம் கணக்கில் நாளுக்கு ஒருமுறை, மூன்று நாள். உலக சுகாதார நிறுவனம் 2016-ல் பின்னதையே முதலில் பரிந்துரைத்தது. 56 வேளை மருந்தைத் தவறாமல் கொடுக்க எந்த வீட்டில் முடியும்? அசித்ரோமைசின் சிரப் நாளுக்கு 3 மில்லி, 60 மில்லிகிராம். முதல் வேளையை எங்கள் முன்னிலையிலேயே கொடுத்தோம்.

இந்த இரண்டு மருந்திலும் ஓர் ஆபத்து உண்டு. ஆறு வாரத்துக்குட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கும்போது இரைப்பையின் வெளிவாய் தடித்து அடைபடும் நிலை அரிதாக வரலாம். "குடிச்ச பாலை தூரமாப் பீச்சி அடிக்கற மாதிரி வாந்தி எடுத்தா, ராத்திரின்னாலும் உடனே வந்திருங்க" என்று தாயிடமும் பாட்டியிடமும் சொல்லி, அவர்களையே திருப்பிச் சொல்லச் செய்தோம். சொட்டு மருந்தை நிறுத்தினோம். கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டால் போதும் என்றோம்.

என் தவறு

மருந்தை எழுதிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், தாயிடம் சொன்னேன்: "இது பிரசவ வழியில குழந்தைக்கு வந்திருக்கும்மா. உனக்கும் டெஸ்ட் பண்ணணும். வீட்டுக்காரரையும் வரச் சொல்லு." பாட்டி பக்கத்தில் இருந்தார். வரிசையில் அடுத்து நின்ற பெண்ணும் கேட்டிருப்பார். சீட்டில் "சுகவாழ்வு மையம்" என்று எழுதி அறை எண்ணையும் போட்டேன்.

சுகவாழ்வு மையம் என்பது அரசு மருத்துவமனைகளில் பால்வினைத் தொற்றுகளுக்கான பிரிவு. வழி கேட்ட பாட்டியிடம், அது "பொம்பளைச் சீக்குக்குப் பாக்கற ரூமு" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இந்தச் சொல்லை நான் வெறுக்கிறேன். ஆணும் பெண்ணும் ஒருவருக்கொருவர் தரக்கூடிய ஒரு தொற்றுக்குப் பெண்ணின் பெயரைச் சூட்டி, விசாரணை தொடங்கும் முன்பே தீர்ப்பு எழுதிவிடுகிற சொல் அது.

அந்த அறைக்குப் போகாமலே பாட்டி என்னிடம் திரும்பி வந்தார். "ஏனுங்க டாக்டரம்மா, எம்புள்ள அப்படிப்பட்டவ இல்லீங்க" என்றார். அழுதுகொண்டே சொன்னார். தாய் ஒன்றும் பேசவில்லை. அன்று மாலையே விஷயம் மாப்பிள்ளை வீட்டுக்குத் தொலைபேசியில் போய்விட்டது.

தாய்க்குச் செய்தது

அன்றே ஆலோசகர் தாயை மட்டும் பாலூட்டும் அறைக்கு அழைத்துப்போய்ப் பேசினார். அப்போதுதான் எட்டாம் மாத வெள்ளைப்படுதல் தெரியவந்தது. மகப்பேறு மருத்துவர் பரிசோதித்தார். பிரசவத்துக்குப் பிந்தைய உதிரப்போக்கு முழுவதும் நிற்கவில்லை, எனவே கர்ப்பப்பை வாயைக் கண்ணால் பார்த்து மட்டும் எதையும் சொல்ல முடியாது. அடிவயிற்றில் வலி இல்லை, காய்ச்சல் இல்லை. மாதிரி எடுத்து அனுப்பினோம்.

இருபத்தொன்றாம் நாள் இரண்டு முடிவும் சேர்ந்து வந்தன. தாய், குழந்தை இருவருக்கும் கிளமிடியா உறுதியானது. தாய்க்கு அசித்ரோமைசின் 1 கிராம், ஒரே வேளை, எங்கள் முன்னால் விழுங்கினார். பாலூட்டுவதை நிறுத்தத் தேவையில்லை. இதை மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது, ஏனென்றால் வீட்டில் புட்டிப்பால் தொடங்கும் பேச்சு வந்துவிட்டது.

காப்பர்-டி பற்றித்தான் எங்களுக்குள் விவாதம் நடந்தது. கிளமிடியா இருப்பது தெரிந்தால் புதிதாகக் காப்பர்-டி வைக்கக் கூடாது. ஏற்கெனவே வைத்தாயிற்று, இடுப்புக்குழித் தொற்றின் அறிகுறி இல்லை என்றால் எடுக்கவேண்டியதில்லை, சிகிச்சை தந்து கவனித்தால் போதும். எடுத்துவிடுவதே பாதுகாப்பு என்று ஒருவர் சொன்னார். அடுத்த கர்ப்பம் சில மாதத்தில் வந்துவிட்டால் அந்த உடம்புக்கு அதுவே பெரிய ஆபத்து என்று மகப்பேறு மருத்துவர் கருதினார். தாயிடம் இரண்டையும் சொன்னோம். இருக்கட்டும் என்றார். அடிவயிற்று வலி, காய்ச்சல், நாற்றமுள்ள போக்கு வந்தால் உடனே வரச் சொல்லி, ஒரு வாரம் கழித்து மறுபடி பார்த்தோம். வயிறு மென்மையாக இருந்தது.

கணவருக்காகக் காத்திருந்த 24 நாள்

கணவருக்குச் சிகிச்சை தராவிட்டால் மனைவியின் சிகிச்சை வீண். பிரசவமான ஐந்தாம் மாதம் பெண்ணும் குழந்தையும் புகுந்த வீட்டுக்குப் போவார்கள், போன வாரத்திலேயே தொற்று திரும்ப வாய்ப்பு உண்டு. மறுபக்கம், தாய்வீட்டில் இருக்கும் இந்த மாதங்கள் எங்களுக்குக் கிடைத்த அவகாசம். கணவனும் மனைவியும் பிரிந்திருக்கும் காலத்திலேயே இருவரையும் குணப்படுத்திவிடலாம். நம் வழக்கம் தானாகத் தந்த இந்த இடைவெளியை மருத்துவர்கள் போதுமான அளவு பயன்படுத்திக்கொள்வதில்லை என்று நினைக்கிறேன்.

ஆனால் அவர் வரவில்லை. மனைவியின் அழைப்பை எடுக்கவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருபவர் குழந்தையைப் பார்க்கவும் வரவில்லை. அவர் மனைவியைச் சந்தேகித்தார், மனைவி அவரைச் சந்தேகித்தார். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பேச்சில் இறங்கினார்கள். சோதனையில் வந்த ஒரு சொல், எந்த விளக்கமும் இல்லாமல், ஊர்ப் பேச்சாகிவிட்டது.

ஆலோசகர் தாயிடம் அனுமதி பெற்றுக் கணவருக்குத் தொலைபேசியில் பேசினார். நோயின் பெயரைச் சொல்லவில்லை. "குழந்தை விஷயமா உங்ககிட்ட பத்து நிமிஷம் நேர்ல பேசணுங்க தம்பி. யாரையும் குத்தம் சொல்லக் கூப்பிடல." முதல் இரண்டு முறை இணைப்பு துண்டிக்கப்பட்டது. மூன்றாம் முறை, ஷிப்ட் நாளில் வர முடியாது என்று பதில் வந்தது. "ஞாயித்துக்கிழமை வாங்க, நான் வந்து ரூமைத் திறக்கறேன்" என்றார் ஆலோசகர். குழந்தைக்கு 41-ஆம் நாளான ஞாயிறு காலை அவர் வந்தார்.

"கண்ணு நோவு குழந்தைக்குத்தானுங்க, என்னைய எதுக்குங்க வரச் சொன்னீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. ஆலோசகர் சொன்ன பதிலை அப்படியே குறித்துவைத்திருக்கிறேன், ஏனென்றால் நான் சொல்லத் தவறியது அதுதான். "இது ஒரு கிருமிங்க தம்பி. பொம்பளைங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு, ஆம்பளைங்கள்ல பாதிப் பேருக்கு ஒரு தொந்தரவும் தராம மாசக்கணக்குல, வருசக்கணக்குல கூட உள்ளயே இருக்கும். யாருக்கு மொதல்ல வந்துச்சு, எப்ப வந்துச்சுன்னு சொல்ற டெஸ்ட் எங்கயும் இல்ல. கல்யாணத்துக்கு முன்னாடியே உங்கள்ல யார்கிட்டயாவது இருந்திருக்கலாம். அதைத் தேடிக் கண்டுபுடிக்க நான் உங்களைக் கூப்பிடல. மறுபடி குடும்பம் நடத்தறப்ப யாருக்கும் இருக்கக் கூடாது, அதுக்குத்தான்."

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-ல் மட்டும் 15 முதல் 49 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ 12.9 கோடிப் பேருக்குப் புதிதாகக் கிளமிடியா வந்திருக்கிறது. அத்தனை கோடிப் பேருக்கு வருகிற ஒன்று என்று கேட்டதும் அவர் தோள் தளர்ந்தது என்று ஆலோசகர் சொன்னார். அதன் பிறகு, அவ்வப்போது சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் இருந்ததைச் சொன்னார். உடம்புச் சூடு, நீர்க்கடுப்பு என்று நினைத்து இளநீரும் ஊறவைத்த வெந்தயமும் சாப்பிட்டிருக்கிறார். எரிச்சல் தானாகக் குறைந்ததும் மறந்துவிட்டார். வேறு என்ன பேசினார் என்பது அவருக்கும் ஆலோசகருக்கும் உரியது. அது மனைவிக்கும் சொல்லப்படவில்லை, எனக்கும் தெரியாது.

மனைவிக்கு உறுதியான பின் கணவருக்குப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. டாக்சிசைக்ளின் நாளுக்கு இரண்டு வேளை ஏழு நாள் என்பது ஆண்களுக்கு இன்னும் சிறந்த மருந்து. ஆனால் 24 நாள் கழித்து ஒருமுறை வந்தவர் 14 மாத்திரையையும் முடிப்பார் என்ற உறுதி எங்களுக்கு இல்லை. அசித்ரோமைசின் 1 கிராமை அந்த அறையிலேயே கொடுத்தோம். எச்.ஐ.வி., சிபிலிஸ் பரிசோதனைக்கு அவரே சம்மதித்தார். இரண்டிலும் தொற்று இல்லை. ஏழு நாள் உடலுறவு வேண்டாம் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதால் சொன்னோம். அன்று பகல் அவர் மாமியார் வீட்டுக்குப் போய்க் குழந்தையைப் பார்த்தார்.

பின்தொடர்தல்

குழந்தையின் கண் மருந்து தொடங்கிய நான்காம் நாளே தெளியத் தொடங்கி, பிறந்த 24-ஆம் நாள் முழுவதும் சரியானது. ஆனால் கண் தெளிந்ததும் விட்டுவிட முடியாது. தொற்று ஏற்பட்ட குழந்தைகளில் சிலருக்கு ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் நுரையீரல் அழற்சி வரும். காய்ச்சலே இருக்காது. விட்டுவிட்டுத் தெறிக்கும் இருமலும் வேக மூச்சும்தான் அடையாளம். அதற்கெனத் தனியே வரச் சொன்னால் வரமாட்டார்கள். 6, 10, 14-ஆம் வாரத் தடுப்பூசிக்கு எப்படியும் வருவார்கள். அந்த மூன்று நாளிலும் மூச்சை எண்ணி, நெஞ்சைக் கேட்டு, எடை பார்த்தோம். பத்தாம் வாரத்தில் லேசான சளி இருந்தது, மூச்சு 42, தானாகச் சரியானது. பீச்சியடிக்கும் வாந்தி வரவில்லை.

தாய்க்கு மறுபரிசோதனையை 14-ஆம் வாரத் தடுப்பூசிக்கு அடுத்த வாரம் வைத்தோம். சிகிச்சை முடிந்து நான்கு வாரத்துக்குள் சோதித்தால் செத்த கிருமியின் மரபணுவே தொற்று இருப்பதாகக் காட்டிவிடும், வீட்டில் அடங்கிய சண்டை மறுபடி கிளம்பும். முடிவு: தொற்று இல்லை. கணவர் அன்று கூடவே வந்திருந்தார், சிறுநீர் மாதிரி கொடுத்தார். அதிலும் இல்லை. ஐந்தாம் மாதம் குறித்த நாளில் பெண்ணையும் குழந்தையையும் அழைத்துப்போனார்கள்.

இப்போது மாற்றியிருப்பவை

ஐந்தாம் நாளுக்கு மேல் கண் பீளையோடு வரும் குழந்தை என்றால் இப்போது முதலில் தாயைத் தனியாகச் சந்திக்கிறோம். பால் கொடுப்பதைப் பார்க்க வேண்டும் என்று பாலூட்டும் அறைக்கு அழைக்கிறோம். அது சாக்கு இல்லை, பாலூட்டலையும் பார்க்கிறோம். யாருக்கு எதைச் சொல்லலாம் என்று தாய் முடிவு செய்த பிறகே மற்றவர்களிடம் பேச்சு. சீட்டில் பிரிவின் பெயரை எழுதுவதில்லை, ஆலோசகரே வந்து அழைத்துப்போகிறார். கணவரை வரச் சொல்லும் பொறுப்பை மனைவியின் தலையில் போடுவதில்லை. முன்பு நான் செய்தது அதுதான்: குற்றம் சாட்டப்படப்போகிறவரையே தூது அனுப்பினேன்.

எரித்ரோமைசினா அசித்ரோமைசினா, காப்பர்-டியை எடுப்பதா விடுவதா என்பவற்றில் அன்று எடுத்த முடிவுகளையே மறுபடியும் எடுப்பேன். கணவருக்கு மட்டும், அவர் முதல் வாரத்திலேயே வந்திருந்தால், டாக்சிசைக்ளினைக் கொடுத்திருப்பேன்.

எட்டாம் மாத வெள்ளைப்படுதல்தான் என்னை இன்னும் உறுத்துகிறது. அன்று ஸ்பெகுலம் வைத்துப் பார்த்து, கர்ப்பப்பை வாய் அழற்சி தெரிந்திருந்தால், அதற்கென அரசு மையங்களில் இலவசமாகவே கிடைக்கும் சாம்பல் நிற மருந்துப் பையில் அசித்ரோமைசின் இருந்தது. கர்ப்பிணிக்கும் பாதுகாப்பான மருந்து. குழந்தையின் கண் வரை வந்திருக்காது. கர்ப்பகாலப் புறநோயாளிப் பிரிவில் இதைப் பேசினோம். திரை போட்ட ஒரு மேசை, ஒரு விளக்கு, கழுவிவைத்த ஸ்பெகுலங்கள் ஒரு தட்டு நிறைய வாங்கி வைத்தாயிற்று. கூட்டம் குறைந்த நாட்களில் பார்க்கிறார்கள். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் வரிசை வாசல் வரை நிற்கும். அன்று இன்னும் முடிவதில்லை.